தூண்டிலின் மறுமுனை

மீனைக் கொல்லலாமா என்பது பழைய கேள்வி. வள்ளுவர் புலால் மறுத்தலில் அதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிட்டார். நாகப்பட்டினத்தில் பிறந்து மீன் குழம்பில் வளர்ந்த நான் அந்தப் பதிலுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன். அதை மறைக்கப் போவதில்லை. என்னை உறுத்துவது அதற்கு ஒரு படி முந்திய கேள்வி. கொல்வதற்கு முன்னால் மீனை ஏமாற்றுகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

என் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் எடுத்து அனுப்பும் அளவில் கல்மாவு ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, அக்ரிலிக்கில் வார்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்பும் டெக்னீஷியன். அந்தக் கைப்பழக்கம்தான் என்னை இந்தப் பொழுதுபோக்கில் கொண்டுவந்து விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தூண்டிலுக்கு ரப்பர் மீன் வார்க்கிறேன். பேச்சில்தான் ரப்பர், உண்மையில் அது மென்மையான பிவிசி பிளாஸ்டிக்.

முதலில் மெழுகில் ஒரு மடவைக் குஞ்சைச் செதுக்குவேன். கடுவையாற்று முகத்துவாரத்தில் கொடுவாவைத் தேடிப் போகிறவன் வேறு உருவத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. தலையும் வயிறும் எளிதாக வந்துவிடும். சோதனை எல்லாம் வாலில். வால் முனையில் ஒரு சிறு தட்டு, அதை உடலோடு சேர்க்கும் இடத்தில் ஒரு மெல்லிய இடுப்பு. அந்த இடுப்பு தடித்தால் வால் ஆடாது. ரொம்ப மெலிந்தால் முதல் கடியிலேயே அறுந்துவிடும். சரியாக அமைந்துவிட்டால், இழுக்கும்போது நீர் தட்டில் மோதி அதை ஒரு பக்கம் தள்ளும், அது மீண்டு மறுபக்கம் போகும், உடம்பும் சேர்ந்து நெளியும். மழை பெய்து கலங்கிய தண்ணீரில் கண் அதிகம் உதவாது. மீன் தன் பக்கக்கோட்டால் அந்த அதிர்வை உணர்ந்துதான் வருகிறது. ஆகவே நான் சொல்லும் பொய்யில் பெரும்பங்கு வண்ணத்தில் இல்லை, அந்த இடுப்பில் இருக்கிறது. அதைச் செதுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டுதான் செதுக்குகிறேன்.

அச்சுக்கு டெண்டல் ஸ்டோன். சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைவிடக் கெட்டியானது, செதில் வரிகூட அப்படியே பதியும். நன்றாகக் காயவைத்து, உள்பக்கம் எபாக்ஸி பூசி நுண்துளைகளை அடைக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் சூடான பிளாஸ்டிக் பட்டதும் ஆவியாகிக் குமிழ் விழும். உருகிய பிளாஸ்டிக் இருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலோ, முகத்தில் தெறித்துச் சுடும்.

வார்ப்பதற்கு வாங்குவது பிளாஸ்டிசால். பிவிசி தூளை நெகிழ்விப்பான் எண்ணெயில் கலந்த வெள்ளைத் திரவம். சூடேறும்போது முதலில் களி போலத் திரண்டு கரண்டியைப் பிடித்துக்கொள்ளும். விடாமல் கிளற வேண்டும். 175 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது மறுபடி இளகி, பாத்திரத்தின் அடி தெரியும்படி தெளியும். அதுதான் பதம். அதைத் தாண்டிக் காயவிட்டால் மஞ்சளாகிக் கருகும், ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். அதனால்தான் திறந்த வெளி, முகமூடி, தனிப் பாத்திரம். சமையலறைப் பாத்திரத்தை இதற்குத் தொடவே கூடாது. வயிற்றுக்கு வெள்ளை, முதுகுக்குச் சாம்பல் பச்சை, இரண்டிலும் கொஞ்சம் வெள்ளி மினுக்கு. நூல் பிடித்தாற்போல் ஊற்றிவிட்டு, ஆறிச் சுருங்கிப் பள்ளம் விழும் இடத்தில் இன்னும் கொஞ்சம் விடுவேன். அச்சைப் பிரித்ததும் தண்ணீரில் நேராகக் கிடத்த வேண்டும். வளைந்து ஆறியது வளைந்தே நீந்தும்.

இந்தக் கலை வீட்டில் பிறந்ததுதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி கோஸ்மாவும் தங்கள் வீட்டிலேயே வினைலை உருக்கிப் புழு வார்த்துப் பார்த்தார்கள். 1949-இல் அந்தப் பிளாஸ்டிக் புழு விற்பனைக்கு வந்தது. பாஸ் என்னும் நன்னீர் மீனுக்காகச் செய்தது. இன்று உலகத்தில் தூண்டில் போடும் இடமெல்லாம் அதன் வம்சம் இருக்கிறது.

ஏமாற்றைப் பற்றிய அந்தக் கேள்வியை என் முன்னால் வைத்தவர் அக்கரைப்பேட்டையில் வலை முடைந்துகொண்டிருந்த ஒரு பெரியவர். நான் காட்டிய மீனை வாங்கி, வாலைச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி. ஆனா வலை வழியைத்தான் மறிக்கும். இது மீன்கிட்ட பேசுது. பேசுறது பொய்."

குற்றம் சொல்லும் தொனியே இல்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் அது இறங்கவில்லை.

போலியான பொருளைச் செய்வது பொய்யாகாது என்று முதலில் எனக்குள் வாதாடினேன். பல் செட்டும் போலிதான். ஆனால் அதை வைத்துச் சோறு மெல்கிற பாட்டிக்கு அது தன் பல் இல்லை என்பது தெரியும். கொடுவாவுக்குத் தெரியாது. தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் உழைப்பின் நோக்கமே. எனவே அந்த வாதம் நிற்கவில்லை.

அப்படியானால் உயிர் இரை நேர்மையானதா? இறாலை உயிரோடு முள்ளில் கோத்தால் மீனுக்குக் கிடைப்பது நிஜமான தீனி. ஆனால் அந்த நிஜத்துக்காக ஓர் இறால் முதுகில் முள் ஏறித் துடிக்க வேண்டும். ரப்பர் மீனால் அந்த ஓர் உயிர் மிஞ்சுகிறது. தவிர, உயிர் இரையிலும் முள்ளை மறைத்துத்தானே போடுகிறோம்? ஏமாற்று இரையில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. சூதாட்டத்தில் வரும் வெற்றிக்கு வள்ளுவர் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனை உவமையாக்கியபோது, இரை என்ன என்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. விழுங்கியது முள். கூடாவொழுக்கத்திலும் புதரில் ஒளிந்து பறவை பிடிக்கும் வேடனைக் காட்டுகிறார். அங்கும் மறைவதுதான் பேச்சு.

இயற்கையும் இதைச் செய்கிறது என்பார்கள். உண்மை. வட அமெரிக்க ஆறுகளில் லாம்ப்சிலிஸ் என்றொரு நன்னீர்ச் சிப்பி இருக்கிறது. அதன் சதை மடிப்பு ஒரு குட்டி மீனைப் போலவே வளர்ந்திருக்கும். கண்புள்ளி உண்டு, வால் உண்டு, நெளியவும் செய்யும். பாஸ் வந்து கடித்ததும் சிப்பி தன் குஞ்சுகளை அதன் வாய்க்குள் விட்டுவிடும். அவை செவுளைக் கவ்விக்கொண்டு கொஞ்ச காலம் வளர்ந்து, பிறகு உதிர்ந்து ஆற்றடியில் பிழைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் பார்வையுள்ள கண் அந்தச் சிப்பிக்குக் கிடையாது. கிரீம் தம்பதியின் புழு எந்த மீனுக்காகப் பிறந்ததோ அதே இன மீனை, மனிதன் தோன்றும் முன்பே ஒரு சிப்பி மென்மையான போலியால் ஏமாற்றிக்கொண்டிருந்தது. எண்ண எண்ண வியப்பாக இருக்கிறது. ஆனால் சிப்பிக்கு வேறு வழி இல்லை. எனக்கு உண்டு. நான் சந்தையில் மீன் வாங்கலாம். அதனால் சிப்பியை எனக்குச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன்.

இதே கேள்வியைக் கடவுளைப் பற்றியே கேட்டவர் ஒருவர் உண்டு என்று வேளாங்கண்ணியில் உள்ள நண்பர் ஒருவர் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் இன்றைய துருக்கிப் பகுதியில் ஆயராக இருந்த நிசா நகர கிரகோரியார். கிறிஸ்துவின் மனித உடல் இரை, அதற்குள் மறைந்திருந்த தெய்வீகம் முள், இரைக்கு ஆசைப்பட்ட சாத்தான் முள்ளையும் சேர்த்து விழுங்கினான் என்று எழுதியவர். எழுதிவிட்டு அவர் நகர்ந்துவிடவில்லை. நீதியுள்ள கடவுள் ஏமாற்றலாமா என்று தாமே கேட்டுக்கொண்டார். உணவில் மருந்து கலக்கிறவனும் மறைத்துத்தான் கலக்கிறான், விஷம் கலக்கிறவனும் மறைத்துத்தான் கலக்கிறான், நோக்கத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது அவர் விடை. ஏமாற்றியவனே ஏமாந்தான் என்பதும் அவர் கணக்கில் நியாயமே. இந்த விடை சாத்தானுக்குப் பொருந்தலாம். கொடுவா என்னை ஏமாற்றியதும் இல்லை, என் தூண்டிலால் அதற்கு எந்த நோயும் தீரப்போவதில்லை. ஆனாலும் அவர் கேட்ட முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பொய்யை மட்டும் தனியே எடுத்து நிறுக்காதே, அதன் பின்னால் நிற்பவனையும் பார் என்கிறார்.

பிடித்ததைத் திரும்ப விட்டுவிட்டால் பாவம் இல்லை என்று தூண்டில்காரர்களில் பலர் சொல்கிறார்கள். எங்கள் ஊர் அதிபத்தரையும் துணைக்கு அழைக்கிறார்கள். சேக்கிழார் பாடிய பரதவ நாயனார் அவர். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். நாளுக்கு ஒரே மீன் அகப்பட்ட நாட்களிலும் அதையே விட்டார். கடைசியில் மணிகள் இழைத்த பொன்மீன் ஒன்று வந்தபோதும் தயங்காமல் விட்டார். ஆவணி ஆயில்யத்தில் நாகை கடற்கரையில் அந்தப் பொன்மீனைக் கடலில் விடும் விழாவைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பெயரை இதற்கு இழுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் பசி இருக்கும்போது அவர் விட்டார். அது கொடை. வாயில் முள் தைத்து, களைக்கக் களைக்க இழுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு விடுகிறவன் எதை இழக்கிறான்? உண்ணாத மீனைப் பிடிக்காதே என்பதுதான் என் கட்சி. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், குழம்பு வைக்கிறோம். என் பொய்க்கு நான் கொடுக்கும் ஒரே நியாயம் அதுதான். அது முழு நியாயம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடிகிறது. தூண்டில் என் கையில் இருக்கும்வரை அந்தப் பொய்க்கு ஓர் ஆள் இருக்கிறான். அவன் மறுமுனையில் நிற்கிறான், தூண்டில் நரம்பின் இழுப்பை விரலில் உணர்கிறான், வந்த மீனுக்குப் பொறுப்பேற்கிறான். நரம்பு பாறையிலோ அலையாத்தி வேரிலோ சிக்கி அறுந்துவிட்டால், இல்லை, கடிபட்டுக் கிழிந்த இரையைக் கழற்றி ஆற்றிலேயே எறிந்துவிட்டால், அதன் பிறகு நடப்பது வேறு. ஆள் போய்விட்டான், பொய் மட்டும் தண்ணீரில் கிடக்கிறது. அதைத் தின்னும் மீன் எவர் குழம்புக்கும் போகாது. அந்த ஏமாற்றுக்கு நோக்கமே கிடையாது. கிரகோரியாரின் தராசில் வைக்க எதிர்த்தட்டில் ஒன்றும் இல்லை. பொய்யையும் வாய்மையையும் அவை விளைவிக்கும் தீமையைக் கொண்டு அளந்த வள்ளுவரின் கோலிலோ, அதுதான் கலப்பில்லாத பொய்.

தீமை கற்பனை இல்லை. அமெரிக்க ட்ரவுட் மீன்களை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்த முடிவை 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள். முள் இல்லாத மென்பிளாஸ்டிக் இரையை அவை தாமாகவே தின்றன. தின்றவற்றில் சிலவற்றின் வயிற்றில் அது செரிக்காமல் தங்கிவிட்டது. அவை உடல் எடை இழந்தன. பிவிசியைச் செரிக்கும் வயிறு எந்த மீனுக்கும் இல்லை. சிப்பியின் போலி வால் சிப்பியோடு மட்கிவிடும். நான் வார்த்தது எனக்குப் பிறகும் கிடக்கும். அந்த இடுப்பை அத்தனை கவனமாகச் செதுக்கியவனுக்கு, அது கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்பதிலும் அதே கவனம் இருக்க வேண்டாமா?

பெரியவர் சொன்னதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இது பொய்தான். ஆனால் கையோடு கொண்டுபோய், கையோடு திரும்பக் கொண்டுவர வேண்டிய பொய். அதனால் இப்போது வேர்கள் அடர்ந்த இடத்தில் வீசுவதில்லை. கிழிந்த இரை சட்டைப்பைக்குள் போகிறது.

முகத்துவாரத்தில் தூண்டில் போடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிழிந்த ரப்பர் மீனை ஆற்றில் எறியாதீர்கள், கரையிலும் போடாதீர்கள். இந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்ப உருக்கலாம். வண்ணங்கள் கலந்து சேற்றுப் பழுப்பாக வரும், கலங்கல் தண்ணீருக்கு அந்த நிறமே போதும். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்து என் லேபுக்குக் கொண்டுவாருங்கள். உருக்கி, புது மீனாக வார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.