ஈடுசெய்ய இயலாத கடன்

பிறர் பொருளைக் கவர்ந்தவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது. கவர்ந்ததைத் திருப்பித் தரவும் வேண்டும். திருச்சபையின் அறநெறிப் போதனையில் இது பழைமையான பாடம். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததை நாம் அறிவோம். ஆனால், எதை எடுத்தோம், யாரிடமிருந்து எடுத்தோம் என்பதே எடுத்தவனுக்குத் தெரியாவிட்டால்? தெரிந்த பின்னும் அதைத் திருப்பித் தர வழியே இல்லாவிட்டால்? இவ்வினா அரசவைகளிலும் பெருவணிகர் மாளிகைகளிலும் மட்டும் எழுவதன்று. கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், பாகூர் போன்ற ஊர்ப்புறங்களில் குளம் வெட்டிக் கெண்டை வளர்க்கும் எளிய உழவர் ஒருவரின் கரையிலும் எழக்கூடியது.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மீன்களை நெருக்கமாக விட்டு வளர்க்கும் குளத்தில், கோடை முற்றி நீர் குறைந்து, அடிச்சேறு அழுகி, நீரில் உயிர்வளி வற்றும்போது 'ஏரோமோனாஸ்' என்னும் நுண்ணுயிர் தலைதூக்குகிறது. அது வெளியிலிருந்து படையெடுத்து வந்த பகையன்று. குளத்து நீரில் எப்போதும் இருப்பதுதான். மீன் நலமாயிருக்கும்வரை ஒதுங்கியிருக்கும், தளர்ந்தால் தாக்கும். உடலில் செம்புள்ளிகளும் புண்களும் தோன்றும். வயிறு நீர்கோத்து வீங்கும். செதில்கள் சிலிர்த்து நிற்கும். சில நாள்களில் மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கும். குஞ்சு வாங்கியது கடனில். தீவனம் வாங்கியதும் கடனில். அந்நிலையில் யாரோ சொன்ன 'ஆன்டிபயாடிக்' மருந்தை, ஆக்சிடெட்ராசைக்ளினோ வேறொன்றோ, தவிட்டில் பிசைந்து அவர் குளத்தில் இடுகிறார். அவரைக் கொடியவர் என்று எவரும் சொல்லத் துணியமாட்டோம்.

ஆயினும் அந்தத் தவிட்டு உருண்டை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். நோயுற்ற மீன் முதலில் விடுவது இரையைத்தான். ஆகவே மருந்தைத் தின்பவை பெரும்பாலும் நோயில்லாத மீன்களே. தின்றதிலும் ஒரு பகுதி உடலில் சேராமல் கழிவோடு வெளியேறி, தின்னாமல் எஞ்சியதோடு சேர்ந்து சேற்றில் படிகிறது. அச்சேற்றிலுள்ள எண்ணிறந்த நுண்ணுயிர்களுள் மருந்துக்கு மடிபவை மடிய, மடியாதவை பெருகுகின்றன. அத்துடன் நின்றாலும் கேடு குளத்தளவில் அடங்கிவிடும். ஆனால், மருந்தை எதிர்க்கும் திறனை ஓரினத்து நுண்ணுயிர் வேறோர் இனத்துக்குக் கைமாற்றித் தர வல்லது என்பதை 1950களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குளத்தில் கற்ற பாடம் மனிதக் குடல்வரை வந்து சேரக்கூடும்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆற்றிய நோபல் உரையில் கற்பனைக் கதை ஒன்றைச் சொன்னார். தொண்டை வலி கண்ட ஒருவர் தாமாகவே பெனிசிலினை வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகிறது. அது அவர் மனைவியைத் தொற்றுகிறது. மருந்து பயனற்றுப்போக, அவர் இறக்கிறார். இச்சாவுக்குப் பொறுப்பாளி யார் என்று ஃபிளெமிங் கேட்டார். கணவரே என்று அவரே விடையும் கூறினார். அறநெறி இறையியல் வகுப்புகளில் நாம் கேட்ட எடுத்துக்காட்டுகள் பலவற்றினும் இது கூர்மையானது. ஆனால், அதில் ஒரு வசதி இருக்கிறது: இறந்தவர் அதே வீட்டில் இருந்தார். நம் மீன்குளத்துக் கதையில் அவர் எந்த ஊரில், எந்த மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பார் என்று யாருக்கும் தெரியாது. மருந்தை எதிர்க்கும் நுண்ணுயிர்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று 2022-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் மீன்குளத்தால் மடிந்தவர் எவர், மனிதருக்கு எழுதித்தரப்பட்ட தேவையற்ற மாத்திரையால் மடிந்தவர் எவர் என்று பிரித்துக் காட்ட எந்த நீதிபதியாலும் இயலாது.

மாத்திரை கடைக்காரருடையது, காசு கொடுத்தால் நம்முடையது. ஆனால், அது நோயைத் தீர்க்கும் என்கிற அந்தத் திறன் யாருடையது? பொருளைத் தனியாக உடைமையாகக் கொள்ளலாம், அதன் பயனோ அனைவர்க்கும் பொது என்று புனித தோமா அக்வினாஸ் கற்பித்தார். நிலத்தையும் தானியத்தையும் மனத்திற்கொண்டு அவர் சொன்னது இங்கே இன்னும் நேராகப் பொருந்துகிறது. நுண்ணுயிர்க்கொல்லியின் திறன் எவரும் வேலி போட முடியாத பொதுச் சொத்து. அது செலவழிந்தால் திரும்பப் பெறுவது அரிது. ஆகவே ஈடுசெய்தல் என்னும் பழைய கடமை இங்கே வழியற்று நிற்கிறது. பின்னால் ஈடுசெய்ய முடியாததை முன்னாலேயே எடுக்காதிருப்பது ஒன்றுதான் எஞ்சும் வழி.

இங்கேதான் இலைகள் வருகின்றன. மதுரையில் மீன்களின் நோய் எதிர்ப்பாற்றலை ஆய்ந்த தினகரன் மைக்கேலும் அவருடன் உழைத்தவர்களும் 2000-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுரைகள் நம்மவர் கவனத்துக்கு உரியவை. துளசி, சீந்தில், தூதுவளை, கரிசலாங்கண்ணி ஆகிய நம் வேலியோரச் செடிகளின் சாற்றைத் திலாப்பியா மீன்களுக்குக் கொடுத்து, பின்னர் அதே ஏரோமோனாஸ் நுண்ணுயிரை அவற்றின் உடலில் செலுத்திப் பார்த்தார்கள். சாறு பெற்ற மீன்களின் தற்காப்பு ஆற்றல் உயர்ந்தது, சாவு குறைந்தது. அச்சோதனைகள் தேடியது கிருமியைக் கொல்லும் நஞ்சையன்று, மீன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வலிமையை. ஓமத்திலுள்ள தைமால், பூண்டிலுள்ள அல்லிசின் போன்றவை நுண்ணுயிரை நேரடியாகவே தாக்குவதும் உண்டு.

ஆனால், கவனியுங்கள்: மதுரைச் சோதனைகளில் இலை முதலில், கிருமி பின்னர். மீன் மிதக்கத் தொடங்கிய பிறகு இலையைத் தேடுபவருக்கு அது பயன்படும் என்று இச்சோதனைகள் சொல்லவில்லை. இலை முன்யோசனையைக் கேட்கிறது. மாத்திரையோ முன்யோசனை இல்லாதவருக்கும் கைகொடுப்பதுபோல் வருகிறது. கடனில் தத்தளிப்பவரிடம் முன்யோசனையை எதிர்பார்ப்பது எளிது. அதற்கான நேரத்தையும் காசையும் யார் தருவது?

இலைதானே, தீங்கு செய்யாது என்கிற பேச்சையும் நாம் நம்பிவிடக் கூடாது. குளத்தில் குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களைக் கொல்வதற்கு இடுவது எது? இலுப்பைப் புண்ணாக்கு. இறைவன் படைத்த மரத்தின் விதையே, அதிலுள்ள சாப்பொனினால் மீனைக் கொல்கிறது. எந்த இலை, எந்த அளவு, எத்தனை நாள் என்று அளந்து சொல்லாதவரை மூலிகை மருந்தும் குருட்டு நம்பிக்கையே. மேலும், ஒரே செடி மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பத் தன் சத்தில் வேறுபடுகிறது. ஆண்டவர் மருந்துகளை நிலத்திலிருந்தே உண்டாக்கினார், அறிவுடையோர் அவற்றை வெறுக்கமாட்டார்கள் என்ற கருத்தைச் சொல்லும் சீராக், அதே அதிகாரத்தில் மருத்துவருக்கும் இடம் கொடுக்கச் சொல்கிறார். முன்னதை மட்டும் மேற்கோள் காட்டுவோர் நம்மிடையே மிகுதி.

நார்வே நாட்டின் எடுத்துக்காட்டு இங்கே பொருந்தும். 1987-இல் அந்நாட்டு மீன் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லிகளைச் செலவிட்டன. பின்னர் சால்மன் மீன்களுக்குத் தடுப்பூசி வந்தது. வளர்ப்பு முறைகளும் திருந்தின. மீன் உற்பத்தி பன்மடங்கு பெருகியும் மருந்தின் அளவு மிகச் சிறிய பங்காகச் சுருங்கியது. அங்கே உதவியது இலையன்று. ஆனால், நோய் வருமுன் காத்தல் என்னும் அதே ஒழுங்குதான். நம் குளங்களில் அவ்வொழுங்கின் முதற்படி, குறைவாகக் குஞ்சு விடுவது. நூறு மீன் வாழும் நீரில் முந்நூறை அடைத்துவிட்டுத் தூதுவளையைத் தேடினாலும் மாத்திரையைத் தேடினாலும், தேடவைத்த பேராசை ஒன்றே.

எசேக்கியேல் கண்ட காட்சியில், கோவிலிலிருந்து புறப்பட்ட ஆறு உப்புக்கடலையும் நலமாக்குகிறது. அதில் மீன்கள் திரள்கின்றன. ஏன்கெதிக் கரையில் மீனவர் வலைகளை விரிக்கின்றனர். இரு கரைகளிலும் நிற்கும் மரங்களின் இலைகள் மருந்தாகின்றன. மீனும் இலையும் ஒரே ஆற்றால் வாழும் இக்காட்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அங்கே சேற்று நிலங்களும் சதுப்புகளும் மட்டும் நலமடையாமல் விடப்படுவதாக வரும் ஒரு வரியைப் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறோம்.

இனி, குளக்காரரை மட்டும் நிறுத்திவைத்துப் பேசுவது நேர்மையன்று. குறைவாகக் குஞ்சு விட்டால் மீன் குறையும்; விலை ஏறும். ஐரோப்பாவுக்குச் செல்லும் இறாலில் தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம் இருந்தால் சரக்கே திரும்பி வந்துவிடும் என்பதால் 2002-க்குப் பின் அங்கே சோதனைகள் இறுகின. உள்ளூர்ச் சந்தைக் கெண்டைக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஏனெனில் நாம் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. தவக்காலத்து வெள்ளிகளில் புலால் விடுத்து மீன் வாங்கும் நம் இல்லங்களில் செவுளைப் பிரித்துச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போம். கண் பளபளக்கிறதா என்று பார்ப்போம். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வோம். எந்தக் குளத்து மீன், என்ன இட்டு வளர்த்தது என்று விற்கும் அம்மாவைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?