வீணையின் நரம்பும் நெஞ்சின் நலமும்



நெஞ்சைத் திறந்து மருத்துவம் செய்துகொண்டு உயிர் மீண்டவர் பலர் நம் மைசூர் நகரில் வாழ்கின்றனர். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அர்ஜென்டீனா நாட்டு மருத்துவர் பவலோரோ நிலைபெறச் செய்த பைபாஸ் அறுவையை, 1975-இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே. எம். செரியன் இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். இன்று இந்நகரின் ஜெயதேவா மருத்துவமனையிலேயே அது நடைபெறுகிறது. அறுவை முடிந்து இல்லம் திரும்பியவர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதே நாம் இன்று ஆராயும் பொருள்.

காலிலிருந்தோ மார்பின் உட்புறத்திலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயை அடைப்புக்கு அப்பால் இணைத்துக் குருதிக்குப் புதுவழி அமைப்பதே இவ்வறுவை. பழைய அடைப்பு அங்கேயே இருக்கிறது. காரணம் நீங்காதவரை விளைவு நீங்காது என்பதன்றோ தருமம்? புகைப்பழக்கம், கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை தொடருமாயின் புதுவழியும் அடைபடும். ஆதலின் புகையை அறவே விடுதல் வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

இனி, நலம் தேடுவோர் இருவகையாக வழுவுகின்றனர். ஒருவர் அஞ்சிப் படுக்கையை விட்டு எழார். வீட்டாரும் அன்பினால் அவரை எழவிடார். மற்றொருவர், கூலி போகிறதே என்று பத்தாம் நாளே மூட்டை தூக்க முனைவார்.

சம்பா நகரத்துச் செல்வர் மகனான சோணர் துறவு பூண்டு, இராசகிருகத்துச் சீதவனத்தில் அடிகளில் குருதி கசிய நடந்து நடந்து தவம் முயன்றார். பயன் காணாது மனம் தளர்ந்து இல்லறம் திரும்ப எண்ணினார். வீணை வல்லவரான அவரிடம் பகவான் வீணையைக் கொண்டே வினவினார். நரம்பு மிக முறுகினாலும் இசை இல்லை; மிகத் தளர்ந்தாலும் இசை இல்லை; முயற்சியும் அத்தகையதே என்று உணர்த்தினார். வீணை சேஷண்ணர் வாழ்ந்த இவ்வூரார்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஆலையில் இழையோடு வாழ்ந்த நாமும் இதனை அறிவோம்: இழுவை மிகுந்தால் இழை அறும், குறைந்தால் சிக்குறும்.

அறுத்துக் கம்பியால் பிணைத்த மார்பெலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள், சிலருக்கு 12 வாரங்கள் ஆகும். அதுவரை பாரம் தூக்கலாகாது. கைகளை ஊன்றி எழலாகாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்க. காலில் குழாய் எடுத்திருந்தால், அமரும்போது அக்காலை உயர்த்தி வைக்க. ஆனால் நடத்தலைக் கைவிடலாகாது. முதலில் வீட்டுக்குள் சில நிமிடம், நாளில் பலமுறை. பின்னர் மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் கூட்டுக. நடக்கும்போதே மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அது தக்க அளவு. சாமுண்டி மலைப் படிகள் காத்திருக்கும். குக்கரஹள்ளி ஏரிக்கரையின் சமநிலம் பின்னர் உதவும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல், புண்ணில் சீழ் காணின் உடனே மருத்துவரை நாடுக.

அறுவைக்குப்பின் சிலருக்குக் காரணமின்றி அழுகை வரும், உறக்கம் கெடும். இது கோழைமையன்று, பலருக்கும் வருவதே. வீட்டார் ஏளனம் செய்யாது உடனிருந்து ஆற்றுக. சில வாரங்களிலும் நீங்காவிடின் அதனையும் மருத்துவரிடம் கூறுக.

குழாயை இணைப்பது மருத்துவர் கை. நாள்தோறும் அளவறிந்து அடி வைப்பது நம் கால். அதனை நமக்காகப் பிறர் நடக்க இயலாது. நலம் பெறுக!