இரவு தங்கிய சமாரியன்

நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கிக்கும் பலர், அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு அவன் மனமிரங்கினான் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். லூக்கா அதோடு விடவில்லை. காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அங்கே இருந்து பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகிற செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். இரக்கம் ஒரு நொடியில் முடிந்தது. மற்றதெல்லாம் செவிலிப் பணி.

செவிலிப் பணியும் விருந்தோம்பலே; விருந்தோம்பலில் இதுவே கடினமானது. வீட்டுக்கு வரும் விருந்தாளி சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுப் போவார். நோயாளியால் அது முடியாது. வாந்தி எடுப்பார், வலியில் எரிந்து விழுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். நள்ளிரவில் பெட்பேன் எடுக்கும்போதும் முகம் சுளிக்கக்கூடாது.

மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியபோது, இந்த வேலைக்குப் பெண்களை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. பிறர் உடலையும் கழிவையும் தொடுவது இழிவு என்று எண்ணிய காலம். அதே இடத்தில் 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பு வந்தது.

தருமபுரி மாவட்டத்தில் இத்தகைய பராமரிப்புக்கு நல்ல சாட்சி அரூரைத் தாண்டிய சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன. பிற்காலத்தில் அது 20-ஐ ஒட்டி இறங்கியது. மருத்துவர்கள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. அந்த மலையூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். பிரசவ வலியோடு வருகிறவளிடம் அவள் பேச்சிலேயே பேசி, அவள் ஊர் வழக்கம் தெரிந்து கைபிடிக்க ஆள் கிடைத்தது. சிகிச்சைக்கு விருந்தாளியாக வந்த ஊராரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள்.

சிட்லிங்கியில் இருப்பது திருச்சபை நடத்தும் மருத்துவமனை அன்று. அதனால் என்ன? உவமையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனார்கள். நின்றவன், யூதர்கள் அந்நியனாக ஒதுக்கிய சமாரியன்.

பாதை இல்லாததால் நோயாளியை டோலி கட்டி மலையிலிருந்து தூக்கிவரும் செய்தி இந்த மாவட்டத்திலிருந்து இன்றும் நாளிதழ்களில் வருகிறது. பாதை போடுவது அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை சபைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அந்த உவமையை வாசிக்கிற ஞாயிறன்று, ஒவ்வொரு சபையும் மலையூர்ப் பெண் ஒருத்தியின் நர்சிங் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும். அவள் எந்த மதம் என்று கேட்க வேண்டாம்.