மேலதிகாரி சொன்னார் என்பது மறுமையில் பதிலாகுமா?

 

 ஃபிர்அவ்னையும் ஹாமானையும் குற்றவாளிகள் என்று சொல்லும் திருக்குர்ஆன், அவர்களுடைய படைகளையும் அதே வரிசையில் சேர்த்துச் சொல்கிறது. கட்டளையிட்டவன் ஃபிர்அவ்ன்தான். ஆனால் அதை நிறைவேற்றிய கைகளும் தப்பவில்லை. நாம் இன்று சிந்திக்க வேண்டியது இதைத்தான்.

இப்னு உமர் (ரலி) அவர்களின் மறுப்பு

ஹிஜ்ரி 8, மக்கா வெற்றிக்குப் பிறகு, காலித் பின் வலீத் (ரலி) தலைமையில் ஒரு படை பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பப்பட்டது. இஸ்லாத்தை ஏற்றோம் என்பதை அந்த மக்கள் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறு சொல்லில் சொன்னார்கள். தளபதி அதைத் தவறாக விளங்கிக்கொண்டார்கள். பலர் கொல்லப்பட்டனர், மற்றவர்கள் சிறைபிடிக்கப்பட்டனர். பிறகு ஒவ்வொரு வீரரும் தம்மிடமுள்ள கைதியைக் கொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது.

அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) மறுத்தார்கள். நானும் கொல்லமாட்டேன், என் தோழர்களும் கொல்லமாட்டார்கள் என்றார்கள். செய்தி நபியவர்களிடம் வந்தபோது கைகளை உயர்த்தி, காலித் செய்ததிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்று இரண்டு முறை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். கொல்லப்பட்டோருக்கு நஷ்டஈடு கொடுக்க அலி (ரலி) அவர்களை அனுப்பினார்கள். கவனியுங்கள்! உத்தரவை மீறியவர் மீது ஒரு கண்டனமும் இல்லை.

பெஷாவர், 1930

நமக்குத் தெற்கே வேதாரண்யத்தில் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய அதே ஏப்ரல் மாதம். 23ஆம் தேதி கான் அப்துல் கஃபார் கான் கைது செய்யப்பட, பெஷாவரின் கிஸ்ஸா கவானி பஜாரில் மக்கள் திரண்டார்கள். ஆங்கிலேயப் படை சுட்டதில் பல முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். ஆனால் ராயல் கர்வால் ரைபிள்ஸ் படையின் இந்து வீரர்கள், ஹவில்தார் சந்திர சிங் கர்வாலி தலைமையில், ஆயுதமில்லாத மக்களைச் சுட மறுத்துவிட்டார்கள். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941இல்தான் வெளியே வந்தார்.

சத்தியம் என்னாவது?

காந்தியடிகளே இதை ஏற்கவில்லை. ஒரு பிரெஞ்சு பத்திரிகையாளர் கேட்டபோது, சுட மறுக்கும் சிப்பாய் தான் செய்த சத்தியத்தை முறிக்கிறான் என்றார். இன்று மீறக் கற்றுக்கொடுத்தால், நாளை நம் ஆட்சியிலும் மீறுவார்களே என்பது அவரது கவலை.

நியாயமான கவலைதான். அதனால்தான் மார்க்கம் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தலைவருக்குக் கட்டுப்படுங்கள், பாவத்தை ஏவினால் கட்டுப்படாதீர்கள் என்பது நபிவழி. கோபத்தில் ஒரு தளபதி நெருப்பில் குதிக்கச் சொன்னபோது, குதித்திருந்தால் அதிலிருந்து வெளியே வந்திருக்கமாட்டார்கள் என்றார்கள் நபியவர்கள். சத்தியம் செய்தபின் அதைவிடச் சிறந்ததைக் கண்டால், சிறந்ததைச் செய்துவிட்டுப் பரிகாரம் கொடுங்கள் என்றும் கற்றுத்தந்தார்கள். பரிகாரம் பத்து ஏழைகளுக்கு உணவு. அநியாயமாகப் போன உயிருக்கு எந்த உணவு ஈடாகும்?

இப்னு உமர் (ரலி) படையை விட்டு ஓடவில்லை, தளபதி மீது வாளையும் உயர்த்தவில்லை. தம் கையை மட்டும் தடுத்துக்கொண்டார்கள். கர்வால் வீரர்களும் அதிகாரியைச் சுடவில்லை. பாவத்தை மறுப்பது வேறு, கலகம் வேறு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பெர்க் தீர்ப்பிலிருந்து பிறந்த சர்வதேச நெறியும், வேறு வழி இருந்தும் குற்றம் செய்தவரை மேலிடத்து உத்தரவு காப்பாற்றாது என்கிறது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டமும் சட்டப்படியான கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது.

நம் பங்கு

சகோதரர்களே! இப்னு உமருக்கு நபியவர்கள் துணை நின்றார்கள். சந்திர சிங்குக்குக் கிடைத்தது பதினோரு வருடச் சிறை. மறுப்பவன் தனியாக நின்றால் அடுத்தவன் மறுக்கப் பயப்படுவான். பொய்க்கணக்கு எழுத மறுத்து வேலையை இழந்து ஒரு பிள்ளை ஊர் திரும்பினால், "பொழைக்கத் தெரியாதவன்" என்று நாம் சொல்லக்கூடாது. அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது இந்த ஜமாஅத்தின் கடமை.

பாவத்திற்கு முன் கையைத் தடுத்துக்கொள்ளும் துணிவையும், அப்படித் தடுத்துக்கொண்டவர்களைத் தாங்கும் மனதையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.