கவணில் கட்டிய கல்

தகுதியில்லாதவனைப் பெருமைப்படுத்தினால் யாருக்கு என்ன கேடு? ஒரு மாலை, ஒரு பொன்னாடை, நாலு புகழ்மொழி. கூட்டம் கலைந்ததும் மறந்துபோகும் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். விவிலியத்து நீதிமொழிகள் என்னும் நூல் இதனை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை.

அந்நூலின் 26ஆம் அதிகாரம், மூடனுக்குச் செய்யும் சிறப்பைக் கோடையில் விழும் உறைபனிக்கும் அறுவடைக் காலத்து மழைக்கும் ஒப்பிடுகிறது. மழையைப் போற்றியே பழகிய நமக்கு இவ்வுவமை சற்று வியப்பளிக்கும். பாலஸ்தீனத்தில் மழை ஐப்பசியளவில் தொடங்கிப் பங்குனியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். கோதுமை அறுப்பு அதன் பின்னரே வரும். அப்போது பெய்யும் மழை கதிரைக் கெடுக்கும். மழை தீயதன்று, வந்த இடமும் காலமும் தகாதவை.

அதே அதிகாரம் கவணில் கல்லைக் கட்டிவிடுபவனையும் காட்டுகிறது. கட்டிய கல் பறவாது. சுழற்றுபவன் தலையையே நாடி வரும். மூலச் சொல்லுக்கு அறிஞர் வேறு பொருளும் கூறுவர்; நமக்கு இதுவே பொருந்தித் தோன்றுகிறது. சிறப்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லாகிய 'காவோத்' பளு என்னும் பொருளுடைய வேரிற் பிறந்தது. தமிழ் விவிலியம் 'கனம்பண்ணுதல்' என்றபோது அவ்விரு பொருளும் நம் மொழியிலும் ஒருங்கே வந்தமைந்தன.

மூடன் என்றதும் எழுத்தறியாதவனை நினைத்தல் பிழை. திருத்தத்தை வெறுப்பவனையே நீதிமொழிகள் பெரிதும் கருதுகிறது. தன்னைத் தானே ஞானியென மதிப்பவனை மூடனிலும் கடைப்பட்டவனாக வைக்கிறது.

எஸ்தர் நூலில் அத்தகைய ஒருவனைக் காண்கிறோம். பாரசீகப் பேரரசன் அகாஸ்வேரு, ஆமான் என்பவனைப் பிரபுக்கள் அனைவருக்கும் மேலாக உயர்த்தினான். ஏன் உயர்த்தினான் என்பதற்கு நூலில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குச் சற்று முன்னர்தான் மொர்தெகாய் என்னும் யூதன், மன்னனுக்கு எதிரான சதியை வெளிப்படுத்தி அவன் உயிரைக் காத்திருந்தான். அவனுக்குக் கிடைத்தது அரசவைக் குறிப்பேட்டில் ஒரு பதிவு மட்டுமே. வாயிலில் இருந்தோர் எல்லாரும் ஆமானை வணங்க, மொர்தெகாய் வணங்கவில்லை. செல்வமும் மக்களும் பதவியும் இருந்தும், அவ்வொருவனைக் காணுந்தோறும் எல்லாம் வீணெனத் தோன்றுவதாக ஆமான் வீட்டில் புலம்புகிறான். அச்சினத்துக்கு ஓர் உயிர் போதவில்லை. 127 நாடுகளிலும் வாழ்ந்த யூதர் அனைவரையும் அழிக்கத் துணிந்தான். மன்னன் தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். அழியப்போவது எந்த இனமென்றும் கேட்கவில்லை. இந்நூலின் வரலாற்றுத் தன்மையை அறிஞர் ஐயுறுவர். மனித இயல்பை அது அறிந்திருந்ததில் நமக்கு ஐயமில்லை.

ஆமானைப் பழிப்பது எளிது. மோதிரம் கொடுத்த கையைப் பற்றி நாம் பேசுவதில்லை. நன்கொடையை எண்ணியோ, பதவிக்கு அஞ்சியோ, வெறும் தாட்சணியத்தாலோ நாமும் மேடைகளில் அத்தகைய மோதிரங்களைக் கழற்றித் தந்திருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் சங்கத்துக்கு நாற்காலி சுமந்தவர் கடைசி வரிசையில் நின்றதைப் பார்த்தும் பாராதிருந்தோம்.

எஸ்தர் அரசியின் மன்றாட்டால் பின்னர் உண்மை வெளிப்பட்டது. ஆமான் பிறருக்கென நாட்டிய தூக்குமரத்தில் தானே தொங்கினான். மோதிரம் மொர்தெகாயிடம் வந்தது. ஆயினும் முத்திரையிட்டுப் போன ஆணையை மன்னனாலும் திரும்பப் பெற முடியாதென்பது அந்நாட்டு வழக்கு. யூதர் ஒன்றுகூடித் தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்று இன்னோர் ஆணை எழுதத்தான் முடிந்தது. அதைச் சுமந்துகொண்டு அரசனின் விரைகுதிரைகள் 127 நாடுகளுக்கும் மறுபடி ஓடின.