கடனைத் தீர்ப்பது யார்?

வியாபாரிகளாகிய நமக்குக் கடன் என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரேட்டில் ஒருவன் பெயரில் பற்று எழுதியிருந்தால், வரவு வைக்கும்வரை அது நிற்கும். அவனுக்காக அவன் அண்ணன் வந்து கட்டினாலும் வாங்கிக்கொண்டு கோடு கிழித்துவிடுகிறோம். கிறிஸ்தவ சகோதரர்கள் பாவநிவாரணம் என்று சொல்லும் கொள்கையை இந்தப் பேரேட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஈஸா நபி (அலை) அவர்கள் பேசிய அரமி மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். மத்தேயு சுவிசேஷத்திலுள்ள பிரார்த்தனையில் மன்னிக்கக் கேட்பதும் கடன்களைத்தான்.

இதன் வேர் யூதரின் பழைய சட்டத்தில் இருக்கிறது. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தின்படி, வருடத்தில் ஒருநாள் பிரதான ஆசாரியர் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார். ஒன்று பலியாகும். மற்றதன் தலைமீது இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசம் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். தமிழ் பைபிளில் அதற்குப் போக்காடு என்று பெயர். இந்தப் பலிகளெல்லாம் நிழல், சிலுவையில் சிந்திய இரத்தமே ஒரே தடவையில் முடிந்த மெய்ப்பலி என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. எபிரெயர் நிருபம் இதை விஸ்தாரமாகப் பேசுகிறது.

இதைக் கணக்குப்போல் எழுதிவைத்தவர் இங்கிலாந்தில் கான்டர்பரி ஆர்ச் பிஷப்பாக இருந்த அன்செல்ம். 1098இல் முடித்த நூலில் அவர் சொல்வதன் சாரம் இது: பாவமென்பது இறைவனுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமலிருப்பது. கடன்பட்டவன் மனிதன்; தீர்க்கும் சக்தியோ இறைவனுக்கு மட்டுமே. ஆகவே இரண்டுமான ஒருவர் வந்து தீர்க்க வேண்டியதாயிற்று. வாதம் கெட்டிதான். ஆனால் பாரிஸில் போதித்த அபெலார்டுக்கு (1079–1142) அது திருப்தி தரவில்லை. குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது நியாயமாகுமா என்று கேட்டார் அவர். நமக்கோ சிலுவை நிகழ்ச்சியிலேயே உடன்பாடில்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது குர்ஆனின் போதனை. இந்த வித்தியாசத்தை மூடி மறைக்க வேண்டியதில்லை.

நாம் சொல்ல வந்தது வேறு. "அவர்களுக்கென்ன, ஒருவர் கட்டிவிட்டார், இனி இஷ்டம்போல் நடக்கலாம்" என்று நம் கடைகளில் பேசிக்கொள்கிறோம். நாமும் பேசியதுண்டு. பைபிளைப் புரட்டிப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டோம். அயலானை வஞ்சித்துப் பொருளெடுத்தவன், முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உடையவனிடம் கொடுக்க வேண்டும், ஆட்டுக்கடாவையும் பலிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது லேவியராகமம் 6. எரிகோ ஊரில் வரி வசூல் தலைவனாயிருந்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். காணிக்கையோடு வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்குக் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகட்டும் என்கிறது மத்தேயு 5. 430இல் காலமான வட ஆப்பிரிக்க பிஷப் அகஸ்டின் இன்னும் கடுமை: திருப்பிக் கொடுக்க முடிந்தவன் கொடுக்காமல் வருந்தினால் அது வருத்தமல்ல, நடிப்பு என்று எழுதினார்.

அண்ணன் வந்து கட்டினால் நம் கடைக் கடன்தானே தீரும்? அடுத்த கடையில் பட்டது அப்படியே நிற்கும்.

ஆனாலும் கணக்கைச் சுலபமாக முடிக்கும் ஆசை மனிதனை விடுவதில்லை. ரோமாபுரிப் பேதுரு ஆலயக் கட்டடச் செலவுக்கென்று ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். 1517இல் லூத்தர் தமது 95 வாசகங்களை எழுதக் காரணமான விற்பனை அது. அந்தச் சீட்டை வாங்கியவர்களைப் பார்த்து நம்மால் சிரிக்க முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கைக்காரர் கணக்கில் கூட்டல் தவறி 38 வெள்ளி அதிகம் வாங்கிவிட்டோம். பிழை தெரிந்தபோது அவர் வேறு ஊருக்குக் குடிபோயிருந்தார். விசாரித்திருந்தால் விலாசம் கிடைத்திருக்கும். நாமோ அந்தத் தொகையைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டுக் கோடு கிழித்துவிட்டோம். அவர் பணத்தில் நமக்கு நன்மை! உடையவரைத் தேட வழியிருக்கும்போது தருமம் செய்து கைகழுவ முடியாதென்பது மதரஸாவில் ஓதிய பாடம்தான், தெரிந்தே செய்தோம்.

சென்ற மாதம் அந்தப் பழைய பக்கத்தைத் தேடியெடுத்து, கோட்டுக்குக் கீழே அவர் பெயரை மறுபடி எழுதினோம். அவர் மௌத்தாகிவிட்டாராம், மகன் இருக்கிறார். வருகிற ஜும்ஆவுக்குப் பின் அங்கே போகிறோம், பேரேட்டையும் எடுத்துக்கொண்டு.