உள்ளே வா என்றபோது

டென்னிஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். பந்துக்குச் சாதி கிடையாது. ஆனால் ஆடுகிற இடத்தைச் சுற்றிப் போட்ட வேலிக்கு உண்டு.

நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு டென்னிஸ் கிளப். தொடங்கியது 1892இல். அமெரிக்காவின் பெரிய போட்டி 1977 வரை பல பத்தாண்டுகள் அங்கேதான் நடந்தது. 1950இல் ஆல்தியா கிப்சன் என்ற கறுப்பினப் பெண் அந்தப் போட்டியில் ஆடினார். அதுவரை கறுப்பர் எவரையும் விடவில்லை. 1957இலும் 1958இலும் அங்கேயே பட்டம் வென்றார். சரி, தீட்டு ஒழிஞ்சது என்றுதானே நினைப்போம்?

1959இல் அதே கிளப்பில் ரால்ஃப் பஞ்ச் தன் பதினைந்து வயது மகனைச் சேர்க்கக் கேட்டார். பஞ்ச் ஐ.நா. அதிகாரி, 1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், கறுப்பர். கறுப்பர்களையும் யூதர்களையும் சேர்ப்பதில்லை என்றார் கிளப் தலைவர். செய்தி வெளியே வந்ததும் கண்டனம் கிளம்பியது. தலைவர் பதவி விலகினார். இப்போது வாருங்கள் என்று கிளப் அழைத்தது. பஞ்ச் போகவில்லை. அந்த அழைப்பு சமத்துவத்தால் வந்ததல்ல, தன் பேருக்காக வந்தது என்பது அவர் காரணம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலத்தெரு நண்பன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். நடுவீட்டில் நாற்காலி, எவர்சில்வர் டம்ளரில் காப்பி. ‘நீங்க என்ன, மத்தவங்க மாதிரியா?’ என்றார் அவன் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்தால், மாட்டுக்கொட்டகைப் பக்கம் என் பெரியப்பா குத்தவைத்துச் சிரட்டையில் தண்ணி குடிச்சிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். குனிய வேண்டியவன் நான்.

அப்படியானால் திறந்த கதவுக்குள் நாம் போகவே கூடாதா? கிப்சன் போனாரே! போகத்தான் வேண்டும். அவர் எதிராளியை ஜெயித்து எடுத்தது யாரும் போட்ட பிச்சையல்ல. 1968இல் அதே களத்தில் ஆர்தர் ஆஷ் என்ற கறுப்பர் பட்டம் வென்றார். கிப்சன் நுழைந்த வழி அவருக்குப் பின்னாலும் மூடவில்லை. பஞ்ச்சுக்கு நீட்டப்பட்டதோ சலுகை. ‘நீ வேற’ என்று ஒருவனைப் பிரித்தெடுத்து, மிச்சப் பேரை வெளியிலேயே நிறுத்துகிற தந்திரம் அது.

எனவே உள்ளே கூப்பிடுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்க பெரியப்பாவும் வரலாமா?

அன்னைக்கு நான் அதைக் கேட்கலை. காப்பியைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.